பெட்டியோடு போன பேன்ட்

— கட்டிலுக்கு அடியில பாத்தியா?

— ரெண்டு தடவ பாத்துட்டேன், கியோக். உன் கொண்டை ஊசி ஒண்ணும், எவனோ விட்டுட்டுப் போன ஒத்தைக் காலுறையும் கெடக்கு. என் பேன்ட் இல்ல.

— அப்போ பெட்டிக்குள்ளதான் போயிருக்கும்.

— பெட்டி எங்க?

— நேத்து படுக்கப் போறதுக்கு முன்னாடி வாசல்ல வச்சோமே. கப்பல் ஆளுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்நேரம் சிங்கப்பூர் துறைமுகத்துல நமக்கு முன்னாடியே இறங்கி நிக்கும்.

— அஞ்சு நாள் பயணத்துக்கு நாலு பேன்ட் கொண்டாந்தேன். நாலும் இறங்கிடுச்சு. அதுங்களோட மொதலாளி மட்டும் கப்பல்ல நிக்கிறேன்.

— இன்னைக்குப் போட ஒண்ண வெளிய வச்சிக்கன்னு நேத்து சாப்பாட்டு மேசையிலயே சொன்னேன், செங் போ.

— வச்சேன்! இந்தா, இந்த நாற்காலி மேலதான் மடிச்சு, பெல்ட்டோட வச்சேன். சாம்பல் கலர். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— உன் ஞாபகத்தப் பத்தி எனக்குத் தெரியாதா. பினாங்குல கப்பல் கெளம்புறது ஆறு மணின்னும் உனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அது கெளம்புற நேரம் அஞ்சு.

— அத எதுக்கு இப்ப இழுக்குற? நீ பெட்டியக் கட்டுற வேகத்துல நாற்காலியில இருந்ததையும் சேர்த்து அமுக்கியிருப்ப. உன் கை அப்படி. வீட்ல நான் பாதி குடிச்ச கோப்பியவே கழுவி வச்சிடுவ.

— இருக்கலாம்.

— இருக்கலாமா? ஒரு மனுஷன் மேல புக்கெட்ல வாங்குன பூப்போட்ட சட்டையும் கீழ கோடு போட்ட ட்ராயருமா நிக்கிறான், நீ இருக்கலாம்ங்கிற!

— துண்டக் கட்டிக்கோ.

— எந்தத் துண்டு?

— அந்த யானை.

— பாவம், நம்ம ரூமப் பாக்குற கேதுத் துண்ட எவ்வளவு அழகா யானையா மடிச்சு வச்சிட்டுப் போயிருக்கான். தும்பிக்கை, காது எல்லாம் வச்சு, என் மூக்குக் கண்ணாடிய வேற மாட்டி விட்டிருக்கான்.

— யானையப் பிரிச்சு இடுப்புல கட்டு. வந்து உக்காரு. நம்ம இறங்குற அட்டை ஆரஞ்சு நாலு. இப்பத்தான் பச்சை ரெண்டு கூப்பிடுறாங்க. அதுக்குள்ள இந்தக் கருத்துத் தாள நிரப்பிடலாம்.

— கருத்தா? என்கிட்டயா? தாள் பத்துமா?

— அதான் நான் எழுதுறேன். நீ வாயால சொல்லு. மொதல்ல சாப்பாடு. மிக நன்று, நன்று, சுமார், மோசம். காலை உணவு?

— மோசம்.

— தினமும் மூணு தட்டு சாப்பிட்ட.

— மூணு தட்டு சாப்பிட்டாத்தானே உறுதியா சொல்ல முடியும். கஞ்சி கஞ்சியாவா இருந்துச்சு? தண்ணியில நாலு அரிசி நீச்சல் பழகுது. உப்பு முட்டைய நாலா வெட்டி, ஆளுக்கு ஒண்ணுன்னு இடுக்கியோட ஒருத்தன் காவல் நிக்கிறான். கோப்பியப் பத்திக் கேக்காத. கேட்டா நான் அழுதுடுவேன்.

— மோசம். எழுதிக்கிட்டேன். லக்சா?

— லக்சான்னு பலகையில எழுதியிருந்தாங்க. காரமே இல்லாம பாலுல நூடுல்ஸப் போட்டு வச்சிருந்தாங்க. நல்லவேளை நீ உன் மொளகாச் சம்பால் பாட்டில கைப்பையில கொண்டாந்த. பக்கத்து மேசையில அந்தச் சுராபாயா குடும்பம் கூட வந்து கடன் வாங்கிட்டுப் போச்சே.

— அவங்க பாட்டிலையே காலி பண்ணிட்டாங்க. சரி, விருந்து ராத்திரி சிங்கி இறால்?

— அது... பரவால்ல.

— நாலு தடவ வாங்கின. பரிமாறுன பொண்ணே, அங்கிள், உங்களுக்குத் தனி மேசை போடட்டுமான்னு கேட்டுச்சு.

— எழுது, எழுது. நன்று. மிக நன்றுன்னு போடாத, அப்புறம் அடுத்த தடவ சின்னதா வைப்பானுங்க.

— உக்காரும் வசதி?

— மோசத்துக்கும் கீழ ஏதாவது கட்டம் இருக்கா? மொத நாள் நடந்தத எழுது. ஜன்னலோரம், ரெண்டு பேர் மேசை, கடல் தெரியுது. நான் ஒழுங்கா டிஷ்யூ பாக்கெட்ட மேசை மேல வச்சு இடம் பிடிச்சிட்டு, சாப்பாடு எடுக்கப் போறேன். திரும்பி வந்தா அந்த வெள்ளைக்காரக் கெழவன் என் நாற்காலியில உக்காந்திருக்கான்!

— அவனுக்கு அது தெரியுமா? அவங்க ஊர்ல டிஷ்யூன்னா மூக்கு துடைக்கத்தான்.

— துடைச்சானே! என் டிஷ்யூவப் பிரிச்சு, கப்பல் சங்கு மாதிரி மூக்கச் சிந்திட்டு, ரொம்ப நன்றின்னு எனக்கே சொல்றான்! கப்பல்காரங்க வச்ச இலவசம்னு நெனச்சிட்டான். நம்ம பேட்டை தோ பாயோ சாப்பாட்டுக் கடையில ஒரு டிஷ்யூ பாக்கெட்ட எவனாவது தொடுவானா? மழை பெய்ஞ்சாலும் அந்த மேசையில ஒருத்தன் உக்காருவானா?

— நீ அன்னைக்கு சூப்புக் கிண்ணத்தோட நின்ன நிலைய நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வருது.

— சிரி. அடுத்த நாள்லேருந்து நீ போய் உடம்போட உக்காந்துக்கிட்ட, நான் ரெண்டு தட்டும் தூக்கிட்டு வந்தேன். என்ன வழி.

— உக்காரும் வசதி மோசம். அடுத்தது பொழுதுபோக்கு. மந்திர வித்தை?

— மோசம். புறா எங்கேருந்து வருதுன்னு மூணாவது வரிசையிலேருந்தே தெரியுது. இடது கைச் சட்டை. நான் பக்கத்துல இருந்த எல்லாருக்கும் சொன்னேன்.

— மேடையில இருந்தவனுக்கும் கேக்குற மாதிரி சொன்ன. பாட்டுக் கச்சேரி?

— அந்தப் பொண்ணு நல்லா பாடுச்சு. பின்னாடி மேளக்காரன் தூங்கிட்டான். சுமார்.

— எண் விளையாட்டு?

— ஒரு தொப்பி ஜெயிச்சேன். அது எங்க?

— பெட்டியில.

— தொப்பியும் போச்சா!

— நடன வகுப்பு? நீச்சல் குளத்துப் பக்கம், சாயங்காலம் நாலு மணிக்கு.

— அது எதுக்குத் தாள்ல இருக்கு?

— இருக்கு. சொல்லு.

— நீதான என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போன. நான் மாட்டேன்னுதானே சொன்னேன்.

— முப்பத்தொம்பது வருஷமா மாட்டேன்னுதான் சொல்ற. நம்ம கல்யாண விருந்துலயே முட்டி வலின்ன. அப்ப உனக்கு வயசு இருபத்தெட்டு. புதன்கிழமை ஆடுனியா இல்லியா?

— ஆடுனேன். ரெண்டு எட்டு முன்னாடி, ரெண்டு எட்டு பின்னாடி. பஸ்ஸ நிறுத்துற எடத்துல சொருவுற மாதிரிதான், பெரிய வித்தை இல்ல.

— வியாழக்கிழமை நான் கூப்பிடாமலேயே போய் மொத வரிசையில நின்ன.

— கூட்டத்துக்கு முன்னாடி போனாத்தான் நெழல்ல எடம் கிடைக்கும்.

— என்ன போட?

— ...நன்று.

— எழுதிக்கிட்டேன். கதவத் தட்டுறாங்க. கேதுத்தா இருக்கும். வாங்க கேதுத், தெறந்துதான் இருக்கு!

— காலை வணக்கம் அங்கிள், காலை வணக்கம் ஆன்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க, ரூம காலி பண்ற நேரம் தாண்டிடுச்சு. அடுத்த பயணிங்க மத்தியானம் ஏறுறாங்க, நான் படுக்கை விரிப்பு மாத்தணும். அங்கிள்... யானைய இடுப்புல கட்டியிருக்கீங்களே?

— கேக்காதப்பா. என் பேன்ட் பெட்டியோட போயிடுச்சு.

— அய்யய்யோ! ஒவ்வொரு பயணத்துலயும் யாராவது ஒருத்தருக்கு இது நடக்கும், அங்கிள். போன தடவ ஒரு அம்மா ரெண்டு கால்லயும் செருப்பில்லாம இறங்குனாங்க. அதுக்கு முன்னாடி ஒரு மாப்பிள்ளைப் பையன், குளியல் அங்கியோடயே சுங்க வரிசையில நின்னான். கவலப்படாதீங்க. நான் கீழ போய் பெட்டியத் தேடித் தரச் சொல்லட்டா?

— வேணாம் கேதுத், நான் கேட்டுட்டேன். இறக்குன பெட்டியத் தெறக்க முடியாதுன்னுட்டாங்க.

— நீ எப்ப கேட்ட, கியோக்?

— நீ பல்லு வெளக்கும்போது. போன்ல.

— அப்போ என் பேன்ட் ஒண்ணு தர்றேன் அங்கிள். தொவச்சதுதான்.

— உன் இடுப்பு என் தொடை அளவு இருக்கு, கேதுத். உன் பேன்ட்டு என் முட்டியத் தாண்டாது.

— அதுவும் சரிதான். நான் எதிர் ரூம மொதல்ல முடிச்சிட்டு வர்றேன். கால் மணி நேரம் போதுமா? ஆன்ட்டி, லாக்கர்ல பாஸ்போர்ட், நகை ஏதும் விட்டுடலியே? எல்லாரும் அதத்தான் மறப்பாங்க.

— பாஸ்போர்ட் ரெண்டும் என் கைப்பையில இருக்கு. லாக்கர நானே பாத்துக்கிட்டேன்.

— நல்லது ஆன்ட்டி. அந்தத் தாள்ல... கேக்கக் கூடாதுதான். என் பேரு ரெண்டு வார்த்தை வந்தா நல்லா இருக்கும். நல்ல பேரு வந்தவங்களுக்குத்தான் லீவு கேட்ட மாசம் கிடைக்குது. எங்க பாலியில கலுங்கன் திருநாளுக்கு வீட்ல இருந்து நாலு வருஷம் ஆச்சு.

— உன் பேர மேலயே எழுதிட்டேன், கேதுத். கொட்டை எழுத்துல.

— ஒண்ணு சொல்லு கேதுத். வருஷத்துல எத்தனை மாசம் நீ கப்பல்ல?

— ஒம்பது மாசம் கடல்ல, மூணு மாசம் ஊர்ல, சிங்கராஜாவுல, அங்கிள்.

— பொண்டாட்டி?

— ஊர்லதான். தினமும் போன்ல பேசுவோம். ஆனா வீட்டுக்குப் போனா மொத நாலு நாள் என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. அவ தனியா சாப்பிட்டுப் பழகிட்டா. நான் தட்டக் கொண்டு போய் பக்கத்துல உக்காந்தா, விருந்தாளி வந்த மாதிரி எழுந்து நிக்கிறா. அஞ்சாவது நாள் சண்ட போட்டாத்தான் சரியாகும். சிரிச்சிட்டுத்தான் சொல்றேன், அங்கிள், அப்படிப் பாக்காதீங்க. வர்றேன் ஆன்ட்டி, கதவச் சாத்திட்டுப் போறேன்.

— நல்ல மனுஷன்.

— ம்.

— இன்னும் ஒரு பகுதி இருக்கு, செங் போ. பயண ஏற்பாடுகள். ஏறுறது, இறங்குறது, கரைக்குப் போயிட்டு வர்றது.

— மோசம். மோசம். சுமார்.

— பினாங்கு?

— பினாங்குல தப்பு என்னோடது இல்ல. அந்தக் கடையில சார் குவே தியாவ் நூடுல்ஸ் வாங்க ஐம்பது நிமிஷம் வரிசை. நாற்பதாவது நிமிஷத்துல வரிசைய விட்டு எவனாவது வருவானா? நம்ம ஊர்க்காரன் வருவானா?

— நான் நேரமாச்சு, நேரமாச்சுன்னு கத்துனேன். எனக்கு முன்னாடி இன்னும் மூணே பேருன்ன. அந்தப் பொட்டலத்தத் தூக்கிட்டு துறைமுகத்துல நீ ஓடுன ஓட்டம்! கப்பல் பூரா ஒலிபெருக்கியில நம்ம பேரு. குவெக் செங் போ, குவெக் செங் போன்னு. மேல் தட்டுல ஆயிரம் பேர் எட்டிப் பாக்குறாங்க, கை தட்டுறாங்க.

— அந்த மூக்குச் சிந்துன கெழவன்தான் மொதல்ல கை தட்டுனான். பாத்தேன்.

— முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி, ஓடி வந்த ஒருத்தருக்கும் கதவத் தெறக்காத ஆளு. கர்ப்பிணிக்குக் கூட!

— ஒரு தடவ தெறந்திருக்கேன். அவ வயித்துல இருந்தது தலகாணின்னு அப்புறம்தான் தெரிஞ்சது. நேரம்னா நேரம், கியோக். ஒருத்தனுக்கு நிறுத்துனா உள்ள இருக்குற நாற்பது பேருக்கு லேட்டு.

— கப்பல்காரன் நிறுத்துனானே.

— நிறுத்துனான். ஆறு நிமிஷம். நான் கடிகாரத்தப் பாத்தேன்.

— என்ன போட?

— ...மிக நன்று.

— அட! தாள்ல மொத மிக நன்று. கையெழுத்து இங்க போடு. போட்டுட்டியா? கண்ணாடி கூட மாட்டல. என்ன எழுதியிருக்கேன்னு படிச்சியா?

— நீ நீட்டுனா போட வேண்டியதுதான். எதுக்குப் படிக்கணும்?

— போன மாசமும் அப்படித்தான், எறும்பு மாதிரி பொடி எழுத்து இருந்த தாள்ல, பேப்பர் படிச்சிக்கிட்டே போட்டுக் குடுத்த. உன்ன வித்தாக்கூட உனக்குத் தெரியாது.

— வாங்குறவன் யாரு?

— சரி, கடைசிக் கேள்வி. "அடுத்த பயணம் யாரோட போக விரும்புறீங்க?" துணையோட, குடும்பத்தோட, நண்பர்களோட, தனியா. நாலு கட்டம். எதுல போட?

— காலியா விடு.

— காலியா விடக் கூடாதுன்னு போட்டிருக்கு.

— அடுத்த பயணம் எங்க இருக்கு? ஞாயித்துக்கிழமை நீ மக வீட்டுக்கு, ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குக் கெளம்புற. ஒரு வருஷம். அப்போ தனியாவுல போடு.

— நீதான போன்னு சொன்ன.

— சொன்னேன்.

— மெய் ஃபென் போன்ல அழுதா. ரெட்டப் புள்ளைங்க, ரெண்டும் ஒண்ணா எழுந்துக்குதுங்க, முடியலம்மா, ஒரு வருஷம் வந்து இரும்மான்னா. நான் போனக் கையில பொத்திக்கிட்டு உன் மூஞ்சியப் பாத்தேன். நீ பேப்பர்லேருந்து தலையத் தூக்கல. போ, அப்படின்ன. முப்பத்தொம்பது வருஷத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— வேற என்ன சொல்றது? போகாதன்னா? மக அங்க தூக்கமில்லாம கெடக்குறா.

— போகாதன்னு சொல்லச் சொல்லல.

— அவ உன்னத்தான் கூப்பிட்டா, கியோக். அம்மா வான்னா. அப்பான்னு ஒரு வார்த்தை இல்ல. கூப்பிடாத பந்தியில நான் எப்படிப் போய் உக்கார?

— உன்னக் கூப்பிட அவளுக்குப் பயம். போன தடவ போய் எட்டாவது நாளே திரும்பிட்ட. கோப்பி சரியில்ல, குளிரு, பேச ஆளில்லன்ன. அந்த ஊர் பஸ் டிரைவருக்கு வளைவுல எப்படித் திருப்பணும்னு பாடம் வேற எடுத்த.

— அவன் திருப்புனது தப்பு.

— தப்பாவே இருக்கட்டும்.

— கியோக்.

— சொல்லு.

— இந்த அஞ்சு நாள் நல்லா இருந்துச்சு.

— தாள்ல இத்தனை மோசம் போட்டிருக்கே?

— அது தாளு. கஞ்சி தண்ணிதான், அதுல மாத்தமில்ல. ஆனா தினமும் காலையில நான் ரெண்டு தட்டத் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்துல முழிச்சிட்டு நிப்பேன். நீ ஜன்னலோரத்துலேருந்து கைய ஆட்டுவ. அப்ப மனசு குளுந்துடும். நேத்து அப்படி நிக்கும்போது தோணுச்சு, திங்கக்கிழமை காலையில வீட்ல எழுந்து எத்தனை தட்டு எடுத்து வைப்பேன்னு. கை ரெண்டு எடுத்துடும். அப்புறம் ஒண்ணத் திருப்பி வைக்கணும்.

— பேனாவக் கீழ வச்சிட்டேன். சொல்லு.

— இப்ப கேதுத் சொன்னானே, பொண்டாட்டி எழுந்து நிக்கிறான்னு. ஒரு வருஷம் கழிச்சு நீ வந்து, என்னப் பாத்து விருந்தாளி மாதிரி எழுந்து நின்னா நான் செத்துடுவேன், கியோக்.

— ஆரஞ்சு மூணு கூப்பிட்டாச்சு. அடுத்தது நம்மதான்.

— கூப்பிடட்டும். அந்தத் தலகாணிக்காரியத் தவிர, ஓடி வந்த எவனுக்கும் நான் கதவத் தெறந்ததில்ல. இப்ப நான்தான் லேட்டா ஓடி வர்றேன். நீ கதவ மூடிடாத.

— எங்க ஓடி வர்ற? தெளிவா சொல்லு, செங் போ. பேன்ட் இல்லாம எங்க ஓடி வர்ற?

— பெர்த்துக்குத்தான். என்னையும் கூட்டிட்டுப் போ.

— கோப்பி?

— தூள் கொண்டு போலாம். பத்துப் பொட்டலம்.

— நம்ம அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ சதுரங்கக் கூட்டாளிங்க?

— அந்தக் கெழவனுங்க எப்பவும் அழுகுணி ஆட்டம்.

— ரெட்டப் புள்ளைங்க ஒண்ணா அழுதா?

— ஒண்ண நீ தூக்கு, ஒண்ண நான் தூக்குறேன். அதுக்குத்தான மனுஷனுக்கு ரெண்டு பேர் வேணும்.

— எட்டாவது நாள் திரும்பிப் போறேன்னு நின்னா?

— எட்டாவது நாள் இதே மாதிரி என் பேன்ட்டப் பெட்டியில போட்டுப் பூட்டிடு. ட்ராயரோட எங்க போயிடுவேன்? சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

— சிரிக்கல. கண்ணுல தூசி. அந்த நாலு கட்டத்துல எதுல போடட்டும்?

— துணையோட. அழுத்திப் போடு, தாள் கிழிஞ்சாலும் பரவால்ல. ஆனா ஞாயித்துக்கிழமைக்கு சீட்டு கிடைக்குமா? பள்ளி விடுமுறை வேற. நீ மொதல்ல ஏறு, உன் பக்கத்துச் சீட்டுல ஒரு டிஷ்யூ பாக்கெட்ட வச்சு எனக்கு எடம் பிடிச்சு வை. எவனாவது வந்து அதுல மூக்கச் சிந்துறதுக்குள்ள நான் எப்படியாவது வந்துடுறேன்.

— ஆரஞ்சு நாலு கூப்பிடுறாங்க.

— கேட்டுச்சு. யானையோட இறங்க வேண்டியதுதான். வா.

— டிஷ்யூவும் வேணாம், யானையும் வேணாம். அந்த லாக்கரத் தெற, செங் போ. உன் சாம்பல் பேன்ட் உள்ளதான் இருக்கு, நீயா வாயத் தெறந்து கேக்கட்டும்னு நான்தான் பூட்டி வச்சேன், வலது பாக்கெட்ல உன்னோட பெர்த் டிக்கெட் இருக்கு, கசக்காம எடு.